பாஸ் எடுக்கப் போய் அகதியானேன்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஐரோப்பிய நாடொன்றில் அகதித் தஞ்சம் கோரியிருக்கிறேன். அது தவறுதலாக நடந்தது.

தவறுதலாகக் கண்ணாடி டம்ளரை உடைக்கலாம், தவறுதலாக வேறு பஸ்ஸில் ஏறலாம், தவறுதலாக எப்படித் தஞ்சம் கோர முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் குடும்பத்திலும் இதைத்தான் இவ்வளவு காலமாகக் கேட்கிறார்கள். அதற்குப் பெரிய முட்டாளாக இருக்க வேண்டும் என்றில்லை. மிகவும் ஒழுங்கான ஆளாக இருந்தால் போதும்.

1998ஆம் ஆண்டு எனக்கு முப்பத்தொரு வயது. சொந்த இடம் ஒட்டுசுட்டான். இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, அக்கா வீட்டில் இருந்துகொண்டு, பூவரசங்குளம் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்தேன். வன்னியிலிருந்து வந்தவர்கள் வவுனியாவில் இருப்பதற்கே அப்போது பாஸ் வேண்டும். ஒருநாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று அதில் தரங்கள் இருந்தன. (மாதப் பாஸ் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன்.) திகதி முடிவதற்கு முதல் போய், வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். "இனி வரத் தேவையில்லை" என்று ஒரு அதிகாரி சொல்வார். அதை நம்பி வீட்டில் இருந்தால், அடுத்த கிழமை இன்னொரு அதிகாரி அதே கதிரையில் இருந்து, "ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?" என்று கேட்பார். ஆகவே தேவையில்லை என்று சொன்ன பிறகும் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள்.

படிவங்கள் சிங்களத்தில் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வரிசை நின்றுவிடும், பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால், பெருக்கல் குறி போல, ஒரு புள்ளடி போட்டிருக்கும். புள்ளடியைக் கண்டால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இந்த இரண்டு பழக்கங்களையும் நான் நெதர்லாந்துக்குக் கொண்டுபோனேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை எடுத்துப் பார்த்தார்களே தவிர, இவற்றை ஒருவரும் பிடிக்கவில்லை.

போனது நான்கு வாரப் பயிற்சிக்கு. வெங்காயத்தை அழுகாமல் களஞ்சியப்படுத்துவது எப்படி என்பது பாடம். ("வெங்காயத்துக்கு நாலு கிழமையோ?" என்று அக்கா கேட்டார். நான் பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டினேன். முதல் பக்கத்தோடு திருப்பித் தந்துவிட்டார்.) வவுனியாவை விட்டு வெளியே போவதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். அக்காவின் கணவர், என் அத்தான், நின்றார். தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே தவிர ஒரு சொல் சொல்ல மாட்டார். பாஸில் முப்பத்தைந்து நாள் என்று எழுதியிருந்தது. அதற்குள் நான் திரும்பி வந்து என்னைக் காட்டாவிட்டால் அத்தானைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எப்போது விடுவார்கள் என்பது கூப்பிடுகிறவர்களுக்கே தெரியாது.

அந்த வருடங்களில் வெளிநாடு போனவர்கள் திரும்பி வருவது வழக்கமில்லை. ஆகவே நான் புறப்பட்டபோது அயலில் எல்லோரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். 'பாவம் அந்த மனிசன், இவளுக்குக் கையெழுத்து வைச்சு மாட்டுப்படப் போகுது' என்று அவர்கள் நினைப்பதாக நான் நினைத்தேன். திரும்பி வருவேன் என்று காட்டுவதுதான் இந்தப் பயணத்தின் முதல் வேலை என்று விமானத்திலேயே தீர்மானித்தேன். வெங்காயம் இரண்டாவது.

பயிற்சிக் குழுவாக நாங்கள் போய் இறங்கியது நடுத்தர அளவான ஒரு நகரம். பெயரை எழுதவில்லை. அங்கே எனக்கு உதவி செய்தவர்கள் இன்னும் ஓய்வூதியத்தில் நிம்மதியாக இருக்கக்கூடும். கால்வாய்கள் நேராக ஓடின. சைக்கிள்கள் தங்களுக்கென்று போட்ட பாதையில் ஓடின. நான் மட்டும் கடவுச்சீட்டைப் பாவாடையின் உள்பக்கத்தில் மூன்று ஊசிகளால் குத்திக்கொண்டு, பத்து அடிக்கு ஒரு தடவை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். (அந்த ஊர்ச் சனம் எனக்குத் தீராத வயிற்றுவலி என்று நினைத்திருக்கும்.)

இரண்டாம் நாள், திங்கட்கிழமை, பயிற்சிப் பொறுப்பாளர் பீட்டர் எங்கள் பதினொரு பேரையும் பொலிஸ் நிலையத்தின் வெளிநாட்டவர் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைத் தலைமுடியும் நீலக் கண்ணாடியுமாக ஒரு பொலிஸ் அம்மா இருந்தார். கடவுச்சீட்டுகளில் சீல் குத்தித் தந்தார். வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மற்றவர்கள் வெளியே போனார்கள். நான் நின்றேன்.

"நான் திரும்ப எப்போது வர வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வரத் தேவையில்லை" என்று அவர் சிரித்தார்.

வவுனியாவில் கேட்ட அதே வசனம்.

அடுத்தநாள் காலை எட்டுப் பத்துக்கு நான் அங்கே நின்றேன். கையில் ஒரு கொப்பி. முதல்நாள் பின்னேரமே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தேன்: திகதி, வந்த நேரம், அதிகாரியின் கையொப்பம், குறிப்பு. கொப்பியை இரண்டு கையாலும் நீட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, கையொப்பம் வைத்துச் சீலும் குத்தித் தந்தார். அன்று முழுக்க வகுப்பில் சொன்னது எல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது.

அதன்பிறகு கிழமைநாள் ஒன்றும் தவறவில்லை. சனி ஞாயிறுகளில் அந்தப் பிரிவு பூட்டு. பூட்டியிருந்ததற்கு நான் பொறுப்பில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. 'காலை 8.10க்கு வந்தேன், கதவு பூட்டியிருந்தது, 8.25 வரை நின்றேன்' என்று கடிதம் எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் அப்படி நான்கு கடிதங்கள். நான்குக்கும் பிரதி வைத்திருந்தேன்.

இரண்டாவது கிழமை நடுவில் வெளியூர்ப் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். முப்பத்தெட்டுக் கிலோமீற்றர். நகர எல்லைக்கு வெளியே. அன்று காலை நான் பொலிஸ் அம்மாவிடம், கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலையும் கொடுத்தேன்: குடை ஒன்று, பாண் நான்கு துண்டு, ரோச் லைற் ஒன்று, பற்றறி இரண்டு.

அவர் பட்டியலை நெடுநேரம் வாசித்தார்.

"பற்றறி எதற்கு எழுதியிருக்கிறீர்கள்?"

"இரண்டுதான். அதற்கு மேல் இல்லை. வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகிறேன்."

(எங்கள் பக்கத்தில் குண்டு செய்ய உதவும் என்று பற்றறிக்குத் தடை. அதைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.) அந்த அம்மா எழும்பிப் போய் உள்ளேயிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். இருவரும் தங்கள் மொழியில் மெதுவாகக் கதைத்தார்கள். பிறகு அவர் என் கையைப் பிடித்து, பற்றறியைக் கொண்டுபோகலாம் என்று சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள், திங்கட்கிழமை, கொப்பியில் சீல் குத்தாமல் அவர் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோப்பியும் பிஸ்கற்றும் வந்தன. பொலிஸில் பிஸ்கற் தந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு முன் அனுபவம் இல்லை. ஒன்றை எடுத்துச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டேன். உயரமான ஒரு அதிகாரி கோப்பு ஒன்றோடு வந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொலிஸ் நிலையத்தின் உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் யாருக்குத்தான் இராது? "சரியான பயம்" என்றேன்.

"யாருக்குப் பயப்படுகிறீர்கள்?"

"பொலிசுக்கு."

"உங்கள் நாட்டுப் பொலிசுக்கா?"

அவர்களைக் குறைத்துச் சொன்னது போல ஆகக்கூடாது என்று, "எல்லாப் பொலிசுக்கும்தான்" என்றேன்.

"திரும்பிப் போனால் பிரச்சினை வருமா?"

"திகதி பிந்தினால் வரும். என் அக்காவின் கணவரைப் பிடிப்பார்கள்."

அவர் நிறைய எழுதினார். நான் சொன்னதைவிடக் கூட எழுதுகிறார் போலிருந்தது. பிறகு, "இங்கே உங்களுக்கு ஒன்றும் நடக்காது" என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். ஒன்பது பக்கம், எல்லாம் அவர்களுடைய மொழி. அவர் அதை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மூன்று இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தது.

வைத்தேன். மூன்றிலும். வேகமாக, அழகாக, கோட்டுக்கு மேலே.

கடவுச்சீட்டைக் கேட்டார். அந்தப் பக்கம் திரும்பி நின்று ஊசிகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டினார். பதிலுக்கு என் படம் ஒட்டிய ஒரு மட்டை தந்தார். அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. கிழமைக்கு ஒரு தடவை வந்து ஒவ்வொரு கட்டத்திலும் சீல் குத்திக்கொள்ள வேண்டும் என்றார்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது: 'இன்றுதான் இந்த நாட்டில் ஒழுங்கான பாஸ் கிடைத்தது. மனம் நிறைந்தது.'

புதன்கிழமை, பதினெட்டாம் நாள், திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். அதே உள்ளறை, அதே உயரமான அதிகாரி. பக்கத்தில் தோல் ஜக்கெற் போட்ட நம்மவர் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ. நான் நேசன். மொழிபெயர்க்க வந்தனான். நீங்கள் எந்த இடம்?"

"ஒட்டுசுட்டான். இப்ப வவுனியா."

"நான் சாவகச்சேரி. இங்க வந்து பதினாலு வருசம்." குரலைத் தாழ்த்தினார். "சும்மா சொல்லக்கூடாது, நீங்கள் கெட்டிக்காரி. சனம் காட்டாலயும் கடலாலயும் மாசக்கணக்கா அலைஞ்சு வருது. நீங்கள் வெங்காயம் படிக்க வந்து அடிச்சிருக்கிறியள்."

"என்னத்தை அடிச்சனான் அண்ணை?"

"அசைலம்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கதிரையைப் பிடித்தேன்.

"அண்ணை, நான் பாசுக்கெல்லோ கையெழுத்து வைச்சனான்."

"என்ன பாஸ்?"

"இங்க இருக்கிறதுக்கு."

"அதைத்தானே நானும் சொல்லுறன். இங்க இருக்கிறதுக்குத்தான்."

"எனக்கு இங்க இருக்க வேண்டாம். வாற சனிக்கு அடுத்த சனி பிளேன். அதுக்குப் பிறகு ஒரு கிழமைக்குள்ள வவுனியாவில நிக்க வேணும். என்ரை பாஸ்போட்டைத் தரச் சொல்லுங்கோ."

"அது தலைநகருக்குப் போயிட்டுது."

நான் அழுதேன். அதிகாரி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அந்த அறையில் அழுகிறவர்கள் அதிகம் போலிருக்கிறது, பெட்டி கிட்டத்தட்ட முடிந்திருந்தது.

நேசன் அண்ணை நான் சொன்னதை மொழிபெயர்த்தார். அதிகாரி முகத்தைச் சுருக்கி ஏதோ கேட்டார்.

"உங்களை ஆரும் வெருட்டினவையோ எண்டு கேக்கிறார். விண்ணப்பத்தைத் திருப்பி எடு எண்டு."

"ஒருத்தரும் வெருட்டேல்லை."

"அப்ப ஏன் இப்பிடி நடுங்கிறியள் எண்டு கேக்கிறார்."

"நான் போகாட்டில் அத்தானை உள்ளுக்குப் போட்டிடுவாங்கள் அண்ணை. அவர்தான் பிணை."

நேசன் அண்ணை அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உங்களுக்கு விளங்குதோ தெரியாது. நீங்கள் வாயைத் திறக்கத் திறக்கக் கேஸ் பலக்குது. இதைச் சொன்னால் இந்த மனிசன் இண்டைக்கே உங்களுக்கு வீடும் தருவான்."

கொப்பியை எடுத்துக் காட்டினேன். ஒன்பது கையொப்பங்கள், ஒன்பது சீல்கள், பண்ணைக்குப் போன பட்டியல், நான்கு கடிதங்களின் பிரதி. நான் எவ்வளவு ஒழுங்கான ஆள், ஒளிந்து நிற்கும் எண்ணமே இல்லாத ஆள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். திருப்பத் திருப்ப அவருடைய முகம் இரக்கத்தால் நீண்டுகொண்டு போனது. கொப்பியை மெல்ல மூடி, அதைக் கோப்போடு சேர்க்கலாமா என்று கேட்டார்.

"இது நல்ல சாட்சியமாம்" என்றார் நேசன் அண்ணை.

"எதுக்கு?"

"அங்க உங்களை எந்தளவுக்குப் பயப்படுத்தி வைச்சிருக்கினம் எண்டதுக்கு."

நான் கொப்பியைப் பறித்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு அதிகாரியின் கையிலிருந்து நான் பறித்தெடுத்த ஒரே பொருள் அதுதான்.

நேசன் அண்ணை பெருமூச்சு விட்டார். "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உண்மையா நீங்கள் திரும்பிப் போகப் போறியளோ?"

"ஓம்."

"வவுனியாவுக்கு?"

"ஓம்."

"உங்கட சுயபுத்தியோட?"

"ஓம் அண்ணை."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, ஒரு நிமிடத்துக்கு மேல் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், சிரித்தார், எழும்பி வந்து கைகொடுத்தார். திருப்பி எடுப்பதற்கு வேறு படிவம் இருக்கிறதாம். வழக்கமாக மூன்று கிழமை எடுக்குமாம். தான் அவசரம் என்று எழுதிப் போடுவாராம். அந்தப் படிவத்திலும் பென்சில் புள்ளடி போட்டிருந்தது. நேசன் அண்ணை ஏழு பக்கத்தையும் வரிவரியாக வாசித்துச் சொல்லும்வரை நான் பேனாவைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவருக்கு என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

"உங்களுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கு, மாப்பிளை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார், அத்தான்தான் பேசிவைச்சவர், பிந்தினால் அவற்றை மரியாதை போயிடும் எண்டு சொன்னனான். வேற என்னத்தைச் சொல்ல?"

(எனக்கு அப்போது மாப்பிள்ளை என்ற பேச்சே இல்லை. பொய் சொல்லி வாங்கிய படிவத்தில் கையொப்பமிட்டிருக்கிறேனே என்று இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.)

அடுத்த ஒன்பது நாட்களையும் எப்படிக் கழித்தேன் என்று விபரமாக எழுத மாட்டேன். வெங்காயக் களஞ்சியத்தின் ஈரப்பதன் பற்றிய பரீட்சையில் விடைத்தாளில் அத்தானின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி வைத்தேன். பீட்டர் என்னைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கத்துக்குப் போவார். தினமும் பொலிஸுக்குப் போனேன், இந்த முறை உண்மையான காரணத்தோடு. பொலிஸ் அம்மா கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்தே இல்லை என்று தலையை ஆட்டுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்குத்தான் தலையை மற்ற மாதிரி ஆட்டினார். விமானம் அடுத்தநாள் காலை.

கொழும்பில் இறங்கி, பாஸ் கணக்கில் முப்பத்துநான்காம் நாள் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் மிச்சம். சோதனைச்சாவடியில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஐரோப்பாவுக்குப் போனது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றுதான் கேட்டார். நான் பாஸில் இருந்த திகதியைக் காட்டினேன். இரண்டே முக்கால் மணித்தியாலம் வைத்து விசாரித்துவிட்டு, முழுப் பைத்தியம் என்ற முடிவோடு விட்டார்கள்.

வீட்டுப் படலையைத் திறந்த அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"என்னடி, திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ?"

"இல்லை அக்கா. நானாத்தான் வந்தனான்."

அக்கா குசினிக்குள் போய்விட்டார். பானைகள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன. விறாந்தையில் அத்தான் இருந்தார். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பயணப்பை, சிப் பூட்டியபடி.

"எங்கையும் வெளிக்கிடுறியளோ அத்தான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளையோட உன்ரை பாஸ் முடியுது. நாளையிண்டைக்கு என்னைக் கூப்பிடுவாங்கள். அதுதான் ரெண்டு சாரமும் துவாயும் சவர்க்காரமும் எடுத்து வைச்சனான்."

"நான்தான் வருவன் எண்டு சொன்னனானே."

"எல்லாரும் அப்பிடித்தானே பிள்ளை சொல்லிப்போட்டுப் போறது. நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்சுதான் நான் கையெழுத்து வைச்சனான். உன்னை அங்க நிப்பாட்டிப்போட வேணும் எண்டு உன்ரை அக்காவும் நானும் முதலே கதைச்சு முடிச்சது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ வைச்சிருப்பாங்கள், பிறகு விடுவாங்கள்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ போயிருப்பியோ?"

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். புள்ளடி, மட்டை, நேசன் அண்ணை, இல்லாத மாப்பிள்ளை, எல்லாம். அவருக்காகத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய தோள் குலுங்குவதைக் கண்டு, அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அக்கா குசினி வாசலுக்கு வந்து, "கிடைச்சதையே வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்துப்போட்டு வந்தனி?" என்று கேட்டார். அதற்குமேல் அவராலும் சிரிப்பை அடக்கி வைத்திருக்க முடியவில்லை.

அத்தான் பயணப்பையைத் திறந்து, உறை பிரிக்காத சவர்க்காரத்தை எடுத்தார். "இதை இனி என்னத்துக்கு வைச்சிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குளித்தார்.

இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் போய் வருகிறேன் என்பதற்குச் சொல்வது போல, படலையில் நின்று, "அத்தான், போட்டு வாறன்" என்று சொல்வேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுப்பதில்லை.

"அதை நீ சொல்லத் தேவையில்லை பிள்ளை. நீ வருவாய்."